கீச்சான் தேடி வரும் புதர்

15 நவம்பர் 2025, சனி

இரவெல்லாம் மழை. விடிந்ததும் விட்டுவிட்டது. அடுத்த வீட்டு அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஏழு மணிக்கு ஜோகூர் பாரு ஹுத்தான் பண்டார் பூங்காவுக்குப் போனேன். நடக்க வந்தவர்கள் குளத்தைச் சுற்றினார்கள். நாங்கள் லாலாங் புல்லும் செண்டுடுக் செடியும் மண்டிக் கிடக்கும் ஓரத்துக்குப் போனோம். பூங்காவிலேயே பார்க்க அழகில்லாத இடம் அதுதான். ஆனால் பறவை பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

பழுப்புக் கீச்சான் வந்துவிட்டது. புதரின் உச்சிக் குச்சியில் உட்கார்ந்திருந்தது. கண்ணை மூடினாற்போல் கறுப்புப் பட்டை, நுனி வளைந்த அலகு. ஒரு வெட்டுக்கிளியைக் குறிவைத்துக் கீழே பாய்ந்து, அதே குச்சிக்குத் திரும்பியது. சைபீரியா, மங்கோலியா, வடசீனப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் இறங்குமுன் தெற்கே கிளம்பும் பறவை இது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தாலும், போன ஆண்டு தங்கிய அதே புதரைத் தேடி வந்து இறங்குவது இதன் குணம். காலில் வளையம் மாட்டிப் பார்த்தவர்கள் இதைக் கண்டறிந்திருக்கிறார்கள்.

அண்ணன் லாயாங்-லாயாங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். “பேரு தெரியாது தம்பி, ஆளத் தெரியும். தீபாவளி சமயத்துல வந்துரும். பால்மரம் இலை கொட்டி, தளிர் விட்டு, கொஞ்ச நாள்ல காணாமப் போயிரும்” என்றார். கணக்குச் சரிதான். பால்மரம் என்கிற ரப்பர் மரம் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச் வெயிலில். கீச்சான் வடக்கே திரும்புவது ஏப்ரல் வாக்கில்.

குளத்துக்கு மேலே நீலவால் பஞ்சுருட்டான்கள் தும்பி பிடித்துக்கொண்டிருந்தன.

16 நவம்பர், ஞாயிறு

சென்ற ஆண்டுவரை ஜோகூரில் ஞாயிறு வேலை நாள். ஜனவரியில் வார விடுமுறை மாறியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கூட்டம். குப்பைத்தொட்டியைச் சுற்றிக் காகங்கள். சாம்பல் கழுத்துள்ள, நம் ஊர்க் காகமேதான். மலாயாவுக்கு அது தானாகப் பறந்து வரவில்லை. காப்பித் தோட்டங்களில் புழுவைத் தின்னட்டும் என்று 1890களின் கடைசியில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. காகம் மட்டும் நிலைத்துவிட்டது. காகம் பெருகியதில் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு நல்ல காலம். எங்கள் தாமானில் விடியற்காலைத் தூக்கம் கெடுவதற்கு இந்தக் காப்பிக் கதையும் ஒரு காரணம்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வானத்தைக் கவனித்தோம். தேன் பருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறகடிக்காமல் வட்டமிட்டு மேலேறி, பிறகு தெற்கே நழுவிப் போயின. சூடான நிலத்திலிருந்து எழும் காற்றுதான் அவற்றைத் தூக்கிவிடுகிறது. கடல்மேல் அந்தக் காற்று அவ்வளவாகக் கிடைக்காது. அதனால் முடிந்தவரை நிலத்தை ஒட்டியே வருகின்றன. தீபகற்பம் தெற்கே குறுகக் குறுக, பருந்துக் கூட்டமும் ஜோகூரில் வந்து நெருங்குகிறது. ஜப்பானில் ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவருடைய குழுவினரும் இந்தப் பருந்துகளின் முதுகில் சிறு கருவி பொருத்தி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். சீனா, இந்தோசீனா, மலாய் தீபகற்பம் என்று கீழிறங்கி இந்தோனேசியத் தீவுகள்வரை அவை போவது அப்படித்தான் தெரியவந்தது.

22 நவம்பர், சனி

இன்று பூங்காவை விட்டுவிட்டு பொந்தியான் வழியாகக் குக்குப் போனோம். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனது நல்லதாயிற்று. மரக்கால்மேல் நிற்கும் மீனவர் வீடுகளுக்கு அடியில் சேறு வெளிப்பட்டிருந்தது. எதிரே குக்குப் தீவு. மனிதர் குடியில்லாத, முழுக்க அலையாத்திக் காடான தீவு, 647 ஹெக்டேர்.

சேற்றில் பவளக்காலிகள் ஓடி ஓடிக் கொத்தின. வளைந்த நீண்ட அலகுள்ள கோட்டான் ஒன்று, அலகை முழுசாகச் செருகி நண்டை இழுத்தது. சற்றுத் தள்ளி மொட்டைத் தலையோடு பெருநாரை. இங்கே ‘புரோங் போத்தாக்’ என்பார்கள். அது வலசை வந்ததல்ல, இந்தக் கரைக்காட்டுக் குடிதான்.

தமிழ்நாட்டின் கோடியக்கரை 2002இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே ஜோகூரின் குக்குப் தீவும் தஞ்சோங் பியாயும் சுங்கை பூலாயும் சேர்ந்தன. கோடியக்கரையில் இறங்கும் பறவைகள் மத்திய ஆசிய வழியாக வருகின்றன. இங்கே இறங்குபவை கிழக்காசியாவைத் தொட்டு ஆஸ்திரேலியாவரை நீளும் வழியில் வருகின்றன. வழி எதுவானாலும் அவற்றுக்கு வேண்டியது புழுவும் சிப்பியும் உள்ள சேறு. அந்தச் சேற்றை மண்போட்டு நிரப்பிக் கட்டடம் எழுப்பினால், அடுத்த முறை வந்து இறங்கும்போது இரை இருக்காது.

29 நவம்பர், சனி

மறுபடி ஹுத்தான் பண்டார். கீச்சான் அதே குச்சியில். பக்கத்து மரத்தில் பழுப்பு ஈப்பிடிப்பான். புதருக்குள் வெண்மார்புக் கானாங்கோழி குரல் கொடுத்தது.

நடந்துபோன ஒரு அம்மா நின்று, “இந்தப் புதரையெல்லாம் வெட்டிட்டா பார்க் பளிச்சுனு இருக்கும்ல? பாம்பு பயமும் இருக்காது” என்றார். பயம் நியாயமானது. அண்ணன் பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, “அந்தக் குச்சியப் பாருங்கம்மா. சைபீரியாவுலேருந்து வந்திருக்கு” என்றார். பார்த்தார். “இத்தனூண்டா?” என்றார். பாதையை ஒட்டிய புல்லை வெட்டினால் போதும், ஓரத்தை விட்டுவிடலாம் என்று சொன்னேன். தலையாட்டினார்.

குக்குப் சேறும் இந்தப் புதரும் ஒரே ரகம். நம் கண்ணுக்கு வெறும் பாழ்நிலம், வந்து சேரும் பறவைக்கு அதுதான் வீடு. பூங்காவில் எல்லா மூலையையும் மழிக்கத் தேவையில்லை.

1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இங்கே அதை ஒருங்கிணைப்பது, 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம். நிபுணத்துவம் தேவையில்லை. ஒரு பைனாகுலரும் பொறுமையும் போதும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் பேரங்காடிக்கு அழைத்துப் போகுமுன், ஒரு காலை பக்கத்துப் பூங்காவின் வெட்டப்படாத ஓரத்துக்கு அழைத்துப் போங்கள். அப்படி ஓரம் இல்லையென்றால், ஒன்றை விட்டுவைக்கும்படி உங்கள் மாநகர் மன்றத்துக்கு எழுதுங்கள்.