செவிமடுக்கும் கருவி

இணையம் எட்டாத இடத்தில் கைப்பேசி வழிகாட்டுமா என்றும், நாம் செல்லுமிடமெல்லாம் செயற்கைக்கோள் நம்மைக் கண்காணிக்கிறதா என்றும் நம்மிடம் வினவுவோர் பலர். உண்மை எளியது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தம் இருப்பையும் ஓயாது அறிவிக்கின்றன. கைப்பேசி அவற்றுள் நான்கினையேனும் செவிமடுத்து, குறிப்புகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணிக்கிறது. அது கேட்கிறதேயன்றி அவற்றோடு பேசுவதில்லை. ஆகவே வரைபடத்தை முன்னரே பதிவிறக்கி வைத்திருப்பின் இணையமின்றியும் வழி தெரியும். நம் இருப்பிடத்தைப் பிறர்க்கு உரைப்பவை பெரும்பாலும் நாம் இசைவளித்த செயலிகளே. அவ்விசைவை நாமே திரும்பப் பெறலாம்.

இவ்வசதியின் வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. 1983 செப்டம்பர் 1 அன்று தென்கொரியப் பயணியர் விமானம் ஒன்று தடம் மாறிச் சோவியத் வான்பரப்பில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். படைத்துறை உருவாக்கி வந்த ஜிபிஎஸ், நிறைவுற்றதும் பயணியர் விமானங்களுக்கும் வழங்கப்படும் என அம்மாதமே ரீகன் அரசு அறிவித்தது.

வழி தவறியோரின் நினைவு இக்கருவியில் உறைந்துள்ளது. வழி தெரியாது நிற்பவர் நம்மிடம் கேட்கையில், திரையைக் காட்டி அனுப்பிவிடாது, தெருமுனை வரையேனும் உடன் நடப்போமா?