மண்ணு தின்னுட்டு!

சுந்தரபாண்டியபுரம் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது சூரியகாந்தியும், 1992ல் வந்த 'ரோஜா' படமும்தான். அது மண்ணுக்கு மேலே. பல வருஷம் புதைந்து கிடந்த இரும்புக் குழாயைத் தோண்டி எடுத்துப் பாருங்கள், ஓட்டை ஓட்டையாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் தாத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: "மண்ணு தின்னுட்டுல்லா!"

உண்மையில் தின்றது மண் இல்லை, கரண்ட்! ஈர மண்ணில் கிடக்கும் எஃகுக் குழாய் ஒரு பேட்டரி மாதிரி. களிமண் உள்ள இடத்தில் காற்று குறைவு, மணலில் அதிகம். இந்த வித்தியாசம் போதும், மின்னோட்டம் கிளம்பிவிடும். அது குழாயை விட்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் இரும்பு கரையும். டி.சி. மின்சார ரயில் தண்டவாளத்திலிருந்து கசிகிற கரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு ஆம்பியர் ஒரு வருஷம் வெளியேறினால் சுமார் 9 கிலோ இரும்பு காலி! அதுவும் பூச்சு உரிந்த சின்னப் புள்ளியில். வருஷா வருஷம் ஒரே தொகை கழிக்கும் பி.காம். தேய்மானக் கணக்கு இங்கே செல்லாது. ஏட்டில் ஆயுள் பாக்கி இருக்கும், குழாயில் ஓட்டை இருக்கும் :)

சிரிக்கிற விஷயமும் இல்லை. 'ரோஜா' வந்த அதே 1992, ஏப்ரல் 22. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரம். பெட்ரோல் குழாய்க்கு மிக அருகே வேறு உலோகத்தில் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார்கள். ஈரத்தில் இரண்டுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு, ஓட்டை, சாக்கடைக்குள் பெட்ரோல். தெருக்களே வெடித்து 200 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அடுத்த திருடன் கிருமி. காற்றே இல்லாத ஈரக் களிமண்ணில் சல்பேட்டை வைத்து வாழும் பாக்டீரியாக்கள் உண்டு. அவை வெளியிடும் சல்பைடு இரும்பை அரிக்கும். தோண்டினால் கறுப்புப் படிவமும் அழுகிய முட்டை நாற்றமும் வரும். இதில் நம்ம காரைக்குடிக்குப் பெரிய பங்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. இவர்கள் வட இந்திய டீசல் குழாய்களில் இருந்த பாக்டீரியாக்களை ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. அரிப்பைத் தடுக்க ஊற்றிய மருந்தையே அவை தின்று வளர்ந்தன!

வெளிப்புற அரிப்புக்கு வைத்தியமும் கரண்ட்தான். குழாயோடு மக்னீசியக் கட்டியை இணைத்துப் புதைத்தால் குழாய்க்குப் பதில் அது கரையும். நீளமான குழாய்களுக்கு வெளியிலிருந்து டி.சி. கொடுப்பார்கள். மண்ணில் செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை வைத்து அளந்தால் மைனஸ் 0.85 வோல்ட் காட்ட வேண்டும். கிருமி இருக்கும் என்று சந்தேகம் வந்தால் மைனஸ் 0.95. அந்தக் கூடுதல் 0.1 வோல்ட் கிருமிக்காகக் கட்டும் வரி.