கேட்டால் எழுந்திருக்கிற இடம்

சும்மா கிடக்கிற இடத்தைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கை ஊறும். கோடையில் திண்டுக்கல் சமவெளியின் குளங்கள் வற்றியதும், வண்டலில் ஈரம் காயுமுன்னே யாராவது உள்வாயில் வெள்ளரி விதை ஊன்றிவிடுவார்கள். அதை ஊரில் யாரும் பெரிய குற்றமாக நினைப்பதில்லை. ஐப்பசி மழைக்குக் குளத்தில் தண்ணீர் ஏறினால் எழுந்து போய்விட வேண்டும். எழுதாத ஒப்பந்தம் அது.

இதே ஒப்பந்தம் கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்கிறது என்கிறான் என் அண்ணன் மகன். அவன் லினக்ஸில் வேலை பார்க்கிறவன். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் எழுதத் தொடங்கிய சமாசாரம் அது. உங்கள் ஆண்ட்ராய்ட் போனுக்குள்ளும் அதன் கெர்னல்தான் ஓடுகிறது. முன்பு ஊருக்கு ஒரு மணியக்காரர் இருந்தாரே, அதுபோல யாருக்கு எவ்வளவு ஞாபக இடம் என்று அளந்து கொடுப்பது அந்தக் கெர்னல்தான்.

அது இடத்தைச் சும்மா விடுவதில்லை. ஒரு முறை படித்த ஃபைலையும், அதன் பெயர், இருப்பிடம் முதலிய விவரங்களையும் மறுபடி தேவைப்படுமென்று அங்கேயே வைத்துக்கொள்கிறது. வேறு புரோகிராம் இடம் கேட்டால் இவற்றைத் தள்ளிவிடும். மூலப்பிரதி டிஸ்கில் பத்திரமாக இருக்கிறதல்லவா? திருத்தம் ஏதாவது செய்திருந்தால் முதலில் அதை டிஸ்கில் எழுதிவிட்டுத்தான் இடத்தைக் காலி செய்யும். அறுவடை முடித்துவிட்டு எழுந்திருப்பதுபோல!

இதனால் கணக்கில் 'காலி இடம்' எப்போதும் கொஞ்சமாகவே தெரியும். பார்த்தவர்கள் பயந்தார்கள். பிறகு 2014-ல், கேட்டால் சுமார் எவ்வளவு கிடைக்கும் என்று காட்ட 'அவெய்லபிள்' என்று தனி வரி ஒன்றைச் சேர்த்தார்கள்.

இன்னொரு சங்கடம் இருந்தது. சில காரியங்களுக்குச் சேர்ந்தாற்போல் பெரிய இடம் வேண்டும். சாதாரண மெஷின்களில் 512 பக்கங்கள் ஒரு பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு பக்கம் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் மற்ற 511-ம் காலியாக இருந்தும் பயனில்லை. எனவே 2008 ஜனவரியில் வந்த பதிப்பிலிருந்து மூன்று இனமாகப் பிரித்தார்கள்: அசையாதது, திரும்பப் பெறக்கூடியது, நகர்த்தக்கூடியது. கெர்னலின் எந்தப் பகுதி இடம் கேட்டாலும், கேட்கும்போதே தான் எந்த இனம் என்று சொல்லிவிட வேண்டும். கூடியவரை அந்தந்த இனத்துக்கு அந்தந்தப் பாத்தி.

சொன்ன சொல் எப்போதும் நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. திரும்பப் பெறலாம் என்று குறித்த பக்கத்திலும் ஒரே ஒரு ஃபைலின் விவரம் உபயோகத்தில் இருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் சிக்கிக்கொள்ளும். எங்கிருந்தும் இடம் பெயரவில்லை என்றால் கடைசியில் கெர்னல் ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருப்பதைத்தான் கொல்லும்; தவறு அதனுடையதாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்கு எங்கள் ஊர்க் குளம் ஞாபகம் வந்தது. வெள்ளரி போட்டவர்களில் ஒருவர் காவலுக்கென்று குடிசை போட்டார். குடிசை ஓட்டு வீடாயிற்று. ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. இப்போது குளம் பாதி நிறைந்ததுமே வீட்டுக்குள் தண்ணீர் வருமென்று மடையைத் திறந்துவிடுகிறார்கள். தை மாதம் கடைமடையில் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் குளத்தில் சேறுதான் மிச்சம். குளங்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் குழந்தை குட்டிகளோடு இருக்கிற வீட்டின் முன்னால் போய் நிற்க யாருக்கு மனம் வரும்? கடைமடைக்காரனுக்கும் குழந்தை குட்டிகள் இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவர் முதலில் வந்தபோது, எழுந்திருக்கிற ஆளா, உட்கார்ந்துவிடுகிற ஆளா என்று யாராவது கேட்டார்களா, சித்தப்பா?" என்றான்.

"வெள்ளரிதானே என்று விட்டுவிட்டோம்" என்றேன்.