நடக்கட்டும் என்பவர் கடமை

ஒரு காரியத்தைத் தொடங்கப்போகிறவர் சற்றே தயங்கி நம் முகத்தைப் பார்க்கும்போது, அந்தத் தயக்கத்தை நீக்கி அவரை மேலே நடக்கச் செய்வதற்கு நாம் சொல்லும் வார்த்தை எவ்வளவு சிறியதாயிருந்தாலும், மனித வாழ்வின் பெரும்பகுதி அதன் பலத்தினாலேயே நடைபெற்று வருகிறது என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதற்கு ‘கோ அஹெட்’ என்ற ஒரே தொடரை வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்பவருக்கும், கலியாணத்தை நிச்சயம் செய்யலாமா என்று கேட்பவருக்கும், அணைக்கட்டு வேலையைத் தொடங்கலாமா என்று கேட்கும் இலாகாவுக்கும் பேதமின்றி வழங்குகிறார்கள். நாமும், “மேலிடத்திலிருந்து கோ அஹெட் வந்துவிட்டது” என்று தமிழ் வாக்கியத்தின் நடுவே அதை வைத்துப் பேசப் பழகிவிட்டோம். அதில் எனக்கு வருத்தமில்லை. எந்தப் பாஷையில் சொன்னாலும், சொல்லுகிறவர் அதன் பின்விளைவில் பங்கு கொள்கிறாரா என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

இதை யோசிப்பதற்கு இலங்கையின் ஊவா மாகாணத்து லுணுகலையைப்போல் ஏற்ற இடம் வேறில்லை. பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலையைத் தொட்டு, பிபிலை, மகாஓயா என்று இறங்கி, மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் முடிகிற நெடுஞ்சாலையில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பஸ்ஸில் தோளோடு தோள் உரசிப் பிரயாணம் செய்கிறார்கள். அவர்கள் அனைவருக்கும் பொதுவாக அந்த வண்டியில் ஒலிக்கும் சொல் ‘ரைட்’ என்பது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று, பையும் குழந்தையுமாக ஏறுகிற பெண் உள்ளே கால் வைத்துவிட்டாளா, இறங்கிய கிழவர் சக்கரத்தை விட்டு விலகிவிட்டாரா என்று முன்னும் பின்னும் பார்த்து, வண்டியின் தகரத்தைக் கையால் இரண்டு முறை தட்டி அதைச் சொன்ன பிறகே சாரதி வண்டியை எடுக்கிறார். வண்டி எடுக்கச் சொன்னவரும் அதே வண்டியில்தான் இருக்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் ஒன்று பசறைக்கு அருகில் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்ட துயரத்தை அனுபவித்த இப்பிரதேசத்து ஜனங்களுக்கு, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்பதை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்தால், காரியத்தைத் தொடங்கி வைக்கும் முறைகள் இரண்டைக் காணலாம். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்களைக் கூட்டி, இன்ன மலைக்கு இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் செடி வெட்டும் கவ்வாத்துக்கு என்று பிரித்து அனுப்புவது ஒன்று. அது உத்தரவு; நாட்சம்பளத்துக்கு முழுப்பேர் விழுமா, அரைப்பேர்தானா என்ற கவலையோடு கேட்டுக்கொள்ளப்படுவது. மற்றொன்று மலைக்கு ஏறிய பிறகு நிகழ்வது. பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, பனி சொட்டும் செடிகளுக்கிடையே ஆளுக்கொரு நிரை பிடித்து நின்று, முதல் கொழுந்தில் கை வைக்கும் வேளையில், ‘பொலி’ என்று ஒரு குரல் எழும்ப, மற்றவர்களும் சேர்ந்து ‘பொலி, பொலி’ என்று சொல்லித் தொடங்குவது மலையகத்தின் பழைய வழக்கம். பொலி என்பது களத்து மேட்டில் குவியும் நெல்லுக்கு உரிய சொல். திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் கடல் கடந்து வந்தவர்கள், வயலும் களமும் தங்களுக்கென்று இல்லாத மலைகளில், தங்களுக்குச் சொந்தமில்லாத செடிகளைப் பார்த்து, விளைச்சல் பெருகுக என்று வாழ்த்திவிட்டே வேலையைத் தொடங்கினார்கள் என்பதை நினைக்கும்போது அவர்கள் சித்தத்தின் விசாலம் என்னை வணங்கச் செய்கிறது. பிரட்டில் ‘போ’ என்று சொன்னவர் போகவில்லை. மலையில் ‘பொலி’ என்று சொன்னவளோ மாலைவரை பக்கத்து நிரையிலேயே நின்று பறித்தாள். முன்னதற்கு ஜனங்கள் கீழ்ப்படிந்தார்கள். பின்னதில்தான் அவர்களுக்குத் தைரியம் பிறந்தது.

சொல்லுகிறவர் கூட வராமல், சொல்லப்படுகிறவரைக் கேட்காமல், போங்கள் என்று மாத்திரம் சொன்னால் என்ன விளையும் என்பதற்கும் இந்த மலைகளே சாட்சி. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்தத் தோட்ட மக்களின் கதியை, 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புது தில்லியில் செய்துகொண்ட ஒப்பந்தம் எண்களாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தத் தீர்மானங்கள் எதிலும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தவர்களின் அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை. வீட்டை விட்டுக் கடைக்குப் போனாலும் “போயிட்டு வாறேன்” என்றே சொல்லிப் பழகிய ஜனங்கள், அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்கும் என்று எழுதப்பட்ட தாள்களோடு ஸ்டேஷனில் நின்றபோது, அந்த வாக்கியத்தின் பின்பாதியைச் சொல்ல இயலாமல் அழுதார்கள். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குச் சென்ற அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வந்தது அதனால்தான். இங்கே தங்கி, பிரஜாவுரிமை கிடைக்காமலிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, சொந்த மண்ணிலேயே நடக்க அநுமதி இல்லாதவர்களின் நிலைமைதான் நீடித்தது.

இன்று அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் வேறொரு வாசலில் வந்து நிற்கிறார்கள். தோட்டப் பள்ளிக்கூடங்கள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்ததே 1970களிலிருந்துதான். சாதாரண தரம் தேறிய பெண் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பினால், பல தோட்டங்களில் அதற்குச் சமீபத்தில் தமிழ்ப் பாடசாலை இராது. பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய்த் தங்க வேண்டும். விடுதிச் செலவு, பஸ் காசு, பொழுது சாய்ந்து வரும் பிள்ளையைப் பற்றிய பயம், கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலைக்கு அனுப்பினால் உடனே கிடைக்கக்கூடிய சம்பளம் ஆகிய இவை அனைத்தையும் ஒரே இரவில் எடை போட்டுப் பார்க்கும் தகப்பன், அடுப்படியில் நின்று “அப்பா, நான் மேல படிக்கவா?” என்று கேட்கும் மகளிடம், “படி புள்ள, மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ‘படி’ என்பது அநுமதி. அதற்கு அடுத்த வாக்கியமே அந்த அநுமதிக்கு அவர் கட்டுகிற விலை. அந்த இரண்டாம் வாக்கியத்துக்காகத் தாய் மாலையிலும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறாள். தகப்பன் லயத்துக்குப் பின்னாலுள்ள காய்கறித் தோட்டத்தை இன்னும் ஒரு பாத்தி அகலமாகக் கொத்துகிறார்.

நம் தினசரி வாழ்வில், அலுவலகத்தில், ஆலயத் திருவிழாக் கூட்டத்தில், வீட்டுக் கூடத்தில், “நடக்கட்டும்”, “செய்யுங்க”, “கோ அஹெட்” என்று எத்தனையோ முறை சொல்லுகிறோம். சொல்வது சுலபமாகையால், சொன்னவுடன் நம் கடமை தீர்ந்துவிட்டதென்று எண்ணுவதும் சுலபமாகிவிடுகிறது. ஆனால் வாழ்த்தோடு தொடங்கிப் பக்கத்து நிரையிலே நின்று பறித்த பெண்ணும், மற்றதைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற தகப்பனும் சொன்னதே முழுமையான அநுமதி. அறிவுரையாகவோ பரிவாகவோ இதுபோன்ற பிள்ளைகளுக்கு மேலே நடக்கச் சொல்லும் வாய்ப்புப் பெற்றவர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: லுணுகலையிலோ மடுல்சீமையிலோ உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை படிக்க விரும்பினால், படி என்று சொல்லுங்கள், சொன்ன கையோடு அதன் விடுதிக் கட்டணத்தில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.