வாட்ஃபோர்டில் ஏறி அரியாங்குப்பத்தில் இறங்கியது

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸில் ஆணி அதிகம், மன்னிச்சுக்கோங்க மக்கா. இந்தப் பதிவு ஒரு பப்பைப் பற்றியது. உடனே "ஆஹா, இவனும் ஆரம்பிச்சுட்டான்யா" என்று பின்னூட்டம் போடக் கிளம்ப வேண்டாம். அடியேன் குடித்தது ஆரஞ்சு ஜூஸ். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கும்முங்க.

நான் இருப்பது லண்டனுக்கு வடமேற்கே, வாட்ஃபோர்டில். எங்கள் டீமில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருக்கிறார், ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம். மனுஷனுக்கு ஒரு பழக்கம். சனிக்கிழமை ஆனால் ஒரு பழைய கட்டடம், ஒரு பழைய பப். ரெண்டுக்கும் ரயிலிலோ பஸ்ஸிலோதான் போவார். கார் வைத்திருக்கிறார், ஆனால் அன்றைக்குத் தொடமாட்டார். குடித்துவிட்டு ஓட்டக்கூடாது, குடிக்காமல் வரவும் முடியாது, ஆகவே ரயில். என்னிடம் லைசென்ஸே கிடையாது. பொருத்தம் பத்துக்குப் பத்து :)

போன மாசம் போனது செயின்ட் ஆல்பன்ஸ். வாட்ஃபோர்டு ஜங்ஷனில் ஒரு ஓரமாக, கோவிச்சுக்கிட்டுத் தள்ளி உட்கார்ந்த மாதிரி ஒரு பிளாட்பாரம். அங்கிருந்து 'ஆபி லைன்'. 1858ல் போட்ட பாதை, பத்து கிலோமீட்டர் சொச்சம், முழுக்க ஒற்றைத் தண்டவாளம். நடுவில் ஒதுங்கி நிற்க இடமே இல்லாததால் ஒரே ரயில் போகும், அதுவே திரும்பி வரும். அதை விட்டுவிட்டால் அது அந்தக் கோடிக்குப் போய் வரும்வரை தேவுடு காக்க வேண்டியதுதான். நம்ம ஊர் மினி பஸ் மாதிரி. கால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

ஸ்டேஷனில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பெரிய பூங்கா. பார்க்க வெறும் புல்வெளி. ஆனால் அந்தப் புல்லுக்கு அடியில் வெருலேமியம் என்ற ரோமானிய நகரம் கிடக்கிறது. மதில் அங்கங்கே நிற்கிறது. ஒரு சின்னக் கட்டடத்துக்குள் ரோமானிய வீட்டின் மொசைக் தரையை அது இருந்த இடத்திலேயே வைத்துக் காட்டுகிறார்கள். தரைக்கு அடியில் சூடான காற்று போக வழி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். நான் இருக்கும் வாடகை ரூமில் ஹீட்டர் வேலை செய்யாமல் ரெண்டு வாரம் ஆகியிருந்தது. வயிற்றெரிச்சலோடு பார்த்தேன்.

மேட்டின் மேல் பேராலயம். அதன் கோபுரம் 11ஆம் நூற்றாண்டில் கட்டியது. கிட்டே போனால் செக்கச்செவேல் என்று தட்டைத் தட்டையாகச் செங்கல். எல்லாம் கீழே இடிந்து கிடந்த ரோமானிய ஊரில் இருந்து எடுத்து வந்து அடுக்கியது. பழசைப் பெயர்த்துப் புதுசு கட்டுவது நம்ம ஊர் வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"இந்த நகரத்தைத் தோண்டியது மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும், 1930ல் ஆரம்பித்தார்கள்" என்றார் பெரியவர். வீலர்... எங்கேயோ கேட்ட பெயராக இருக்கே? போனை எடுத்துத் தேடினேன். 1936ல் டெஸ்ஸா இறந்துவிடுகிறார். 1944ல் வீலர் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வருகிறார். சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு ரோமானிய ஜாடித் துண்டு அவர் கண்ணில் படுகிறது. அதன் வழியைப் பிடித்துக்கொண்டு போய் 1945ல் அவர் தோண்டிய இடம் அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றோரம் இருக்கே, அதே அரிக்கமேடு! மத்தியதரைக்கடல் பக்கத்தில் இருந்து ஒயின் வந்திறங்கிய ஜாடிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் குடிப்பதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு இருப்பது உங்களுக்கே தெரியும். அங்கேயும் ஊர்க்காரர்கள் செங்கல்லைத் தோண்டி எடுத்துப் போயிருக்கிறார்களாம்.

பெரியவர் "அந்த இடத்துக்குப் போயிருக்கிறாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது முழு உண்மை இல்லை.

எனக்குச் சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். அரியாங்குப்பம் ஸ்டாப்பில் நான் இறங்கியதற்குக் கணக்கே கிடையாது. ஞாயித்துக்கிழமை அப்பா "வாடா, பாண்டி பீச்சுக்குப் போலாம்" என்பார். அம்மாவும் என்னைக் கூட அனுப்பினால் சீக்கிரம் திரும்பி வருவார் என்று அனுப்பி வைப்பார். பஸ் பாண்டி வரைக்கும் போகும், நாங்கள் போக மாட்டோம். அரியாங்குப்பத்தில் இறங்கிவிடுவோம். சரக்கு அங்கே விலை கம்மி. அப்பா கடைக்குள் போய்விடுவார். நான் வெளியே ஒரு சிமெண்டுத் திண்டில் கடலைமிட்டாயோடு உட்கார்ந்திருப்பேன். இருட்டிய பிறகு அவரைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றுவது என் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயசு. கண்டக்டர் பார்க்கிற பார்வையைத் தவிர்க்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த ஊரில் ரெண்டாயிரம் வருஷத்துச் சரக்கு ஜாடி கிடைத்த கதையெல்லாம் யார் கண்டது?

அப்பா 2014ல் மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததோடு விட்டுவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, அவரும்தான்.

சரி, பப்புக்கு வருவோம். வெர் ஆற்றங்கரையில் 'யே ஓல்ட் ஃபைட்டிங் காக்ஸ்'. எட்டு மூலைக் கட்டடம், ஒரு காலத்தில் மடத்தின் புறாக்கூடாக இருந்ததாம். பிறகு சேவல் சண்டை நடந்ததால் இந்தப் பெயர். இங்கிலாந்தின் மிகப் பழைய பப் என்று கின்னஸ் புத்தகத்திலேயே இருந்தது. இதே பட்டத்துக்கு ஊருக்கு ஒரு பப் சண்டை போட்டதாலோ என்னவோ, 2000த்தில் அந்தப் பிரிவையே தூக்கிவிட்டார்கள். உத்தரம் அவ்வளவு தாழ்வு, எனக்கே குனியவேண்டியிருந்தது. நம்ம உயரம் ஊரறிஞ்சது.

எனக்குப் பப் என்றாலே வயிற்றைப் பிசையும். ரெண்டு வருஷமாக டீம் பார்ட்டிகளுக்கெல்லாம் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பித்தவன். உள்ளே போனால், ஒரு பாட்டி காலடியில் நாயைப் படுக்கவைத்துவிட்டு அரை பைன்ட் பீரை வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம், சின்னப் பையன் கலர் பென்சிலால் கிறுக்குகிறான். யாரும் யாரையும் மறைத்து எதையும் செய்யவில்லை. இந்த ஊரிலும் குடித்து அழிந்தவர்கள் ஏராளம், பெரியவரின் தம்பியே ஒருத்தர். அதையும் அவர்தான் சொன்னார்.

அப்போது வாட்ஸப்பில் அப்பா வீடியோ கால். கட் பண்ணலாமா என்று ஒரு விநாடி யோசித்தேன். எடுத்துவிட்டேன்.

"எங்கடா இருக்க?"

"ஓட்டல்லப்பா."

"பின்னாடி பாட்டிலா அடுக்கியிருக்கு?"

மாட்டினேன். "நான் ஜூஸ்தான்பா" என்று கிளாஸைக் காட்டினேன். பிறகு போனைத் திருப்பி நாய், பாட்டி, பையன் எல்லாரையும் காட்டினேன்.

"சின்னப் பசங்கள எல்லாம் உள்ள விடறானுங்களா?"

"விடறாங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"உன்ன நான் வெளியிலயே ஒக்கார வச்சிருந்தேன் இல்ல?"

இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் முறை. என்ன சொல்வது என்று தெரியாமல் வீலர் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "நாம எறங்குவோமே அரியாங்குப்பம், அங்க ரோமாபுரி ஜாடியெல்லாம் எடுத்திருக்காங்கப்பா."

"எந்தப் பக்கம்?"

"ஆத்தோரம்."

"கடை இருந்த பக்கமா?"

"தெரியலப்பா. வரும்போது போய்ப் பாக்கலாமா?"

"போலாம். பஸ்லயே போலாம்" என்றார்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சு. அரிக்கமேடு போய்வந்த பாண்டி, கடலூர் பதிவர்கள் யாராவது இருந்தால், மெயின் ரோட்டு ஸ்டாப்பில் இருந்து நடந்துவிடலாமா, ஆட்டோ பிடிக்கணுமா என்று பின்னூட்டத்தில் சொல்லுங்க. அப்பாவுக்கு முட்டி வலி.