பேப்பூரில் ஒரு பழம் படகு

கோழிக்கோட்டுக்குப் போகிறவர்கள் அல்வாவும் நேந்திரங்காய் வறுவலும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். நாங்களும் அப்படித்தான் திரும்பியிருப்போம். என் கணவர்தான், "பத்துக் கிலோமீட்டர் தெற்கே போனால் பேப்பூர், மரக்கப்பல் கட்டுகிற ஊர். பார்க்காமல் போவதாவது!" என்று பிடிவாதம் பிடித்தார்.

சாலியாறு கடலில் கலக்கும் இடம் அது. 'உரு' என்னும் மரக்கப்பல்களை அரபு வணிகர்களுக்காகப் பல நூற்றாண்டுகளாக இங்கே கட்டி வருகிறார்கள். வரைபடம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கணக்கெல்லாம் மூத்தாசாரியின் தலைக்குள்தான்! 1840-களில் தேக்குத் தோட்டம் போட்ட நிலம்பூர் இதே ஆற்றின் மேற்பக்கத்தில் இருக்கிறது. அங்கே வெட்டிய மரங்கள் ஒரு காலத்தில் ஆற்றோடு மிதந்தே கீழே வந்தன.

கொட்டகையில் பழைய படகு ஒன்று கரையேறி நின்றது. அடிப்புறத்தில் மீனெண்ணெய் பூசியிருந்தார்கள். என் கைக்குட்டை மூக்கை விட்டு இறங்கவில்லை. மேலே சுற்றிலும் தேக்கு விளிம்பு, தேக்குக் கைப்பிடி. அவற்றின் மேலிருந்த வார்னிஷ், வெயிலில் தோல் உரிந்தாற்போல் தொங்கியது. அடியிலே கறுப்புத் திட்டுக்கள்.

படகுக்காரர் இளைஞர். தகப்பனார் விட்டுப்போன படகு அது. "மெஷினைப் போட்டு ஒரே நாளில் பளபளவென்று ஆக்கிவிடலாமே!" என்று அவசரப்பட்டார். மூத்தாசாரி பேசாமல் கைப்பிடியைக் காட்டினார். திருகாணித் தலைகளை மறைத்திருந்த மரத்தக்கைகள் காகிதம்போல் மெலிந்திருந்தன.

"இன்னும் ஒரு தடவை மெஷின் போட்டால் திருகாணி வெளியே வந்துவிடும். உன் அப்பா பிடித்த கைப்பிடி அதோடு சரி" என்றார். இளைஞர் மௌனமானார்.

"தேக்கிலேதான் இயற்கையாக எண்ணெய் இருக்கிறதே, வார்னிஷ் எதற்கு?" என்று நான் கேட்டேன்.

"சும்மா விட்டாலும் தேக்கு லேசில் கெடாது அம்மா, நரைத்துச் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான். நிறம் வேண்டுமென்றால் பூச வேண்டும். ஆனால் அந்த எண்ணெயே வார்னிஷை ஒட்டவிடாது. போன தடவை யாரோ துடைக்காமல் பூசிவிட்டார்கள். மூட்டு வழியாகத் தண்ணீர் புகுந்தது; திரும்ப வெளியேற வழியில்லை. கறுத்துப் போயிற்று."

பிறகு வேலையின் முறையைச் சொன்னார். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுக்க வேண்டும். மெல்லிய பிரஷ்ஷால், மரத்தின் ரேகைக்குக் குறுக்கே கழுவ வேண்டும். ரேகையோடு அழுத்தித் தேய்த்தால் மெத்தென்ற பாகம் அரைந்து, பள்ளம் விழும். நன்றாகக் காய்ந்த பின் கையால் இலேசாக உப்புத்தாள். தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, தாமதிக்காமல் முதல் பூச்சு. அதில் பாதி வார்னிஷ், பாதி தின்னர். தண்ணீர்போல் இருந்தால்தான் மரம் குடிக்கும். பலகையின் வெட்டுமுனைகளுக்கு இரட்டிப்புக் கவனம். தண்ணீர் உறிஞ்சுவது அங்கேதான். அப்புறம் ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின், மெல்லத் தேய்த்து, ஐந்தாறு பூச்சுக்கள். உச்சிவெயிலிலும் பனி இறங்கும் அந்தியிலும் பிரஷ்ஷைத் தொடக்கூடாது.

"எத்தனை நாள் ஆகும்?" என்றார் இளைஞர்.

"அவசரமில்லாத நாள் எத்தனை உண்டோ, அத்தனை."

சிறிது நேரம் நின்ற இளைஞர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு சுரண்டியை எடுத்தார். அவர் கையின் மேல் மூத்தாசாரியின் கை படிந்து, அழுத்தம் எவ்வளவு என்று காட்டியது. நாங்கள் சொல்லாமலே விடைபெற்றோம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமியார் காலத்துத் தேக்கு ஊஞ்சல் ஒன்று, பாலிஷ் உரிந்து கிடக்கிறது. கடைக்காரரிடம் மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதை வேண்டாமென்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் உப்புத்தாளும் கையுமாக உட்காருகிறார். "மெதுவாக!" என்று சொல்வது மட்டும் என் பங்கு!