டெலோக் ஆயரில் பசியாறியது

சிங்கப்பூரின் டெலோக் ஆயர் தெருவில் இன்று நின்று பார்த்தால் கடல் தெரியாது. வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள்தான் தெரியும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கும்வரை, அலை வந்து மோதிய கரை இதுதான். அதனால்தான் இந்த ஒரே தெருவில் இத்தனை கோயில்கள், பள்ளிவாசல்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் இங்கே நாகூர் தர்காவின் நினைவாக ஒரு தர்கா எழுப்பினார்கள். பக்கத்திலேயே, குடிசையாகத் தொடங்கியதால் குச்சுப் பள்ளி என்று பேர் பெற்ற அல் அப்ரார் பள்ளிவாசல். சில அடி தள்ளி, சீனாவின் ஃபூஜியானிலிருந்து வந்தவர்கள் கடல் தெய்வம் மாசூவுக்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில். கரை சேர்ந்தவர்கள் முதலில் நன்றி சொன்னார்கள். அடுத்து பசித்திருக்கும்.

எங்களுக்கும் பசித்தது. தெருவைக் கடந்து ஃபார் ஈஸ்ட் ஸ்குவேர் வழியாகச் சீனா ஸ்திரீட்டுக்குப் போனால் யா குன் காயா டோஸ்ட் கடை. இந்தப் பெயரில் இப்போது பல நாடுகளில் கிளைகள் உண்டு. விடுதிக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. ஆனாலும் இங்கேதான் வர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் இந்தக் கடையின் கதை தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். ஹைனான் தீவிலிருந்து 1926இல் கப்பலேறி வந்த லோய் ஆ கூன் என்ற இளைஞர் கோப்பிக்கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1944இல், ஊர் ஜப்பானியர் பிடியில் இருந்த காலத்தில், டெலோக் ஆயர் படகுத்துறையருகே அவருடைய சொந்தக் கடை பிறந்தது. காயா கிண்டிக் கொடுத்தவர் அவர் மனைவி. கடை இடம் மாறி மாறி, 1998இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது.

காயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை மூன்றையும் ரம்பை இலை போட்டு, அடிபிடிக்காமல் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காகக் கிளறி எடுப்பது. காயல்பட்டினத்திலோ இலங்கையிலோ வட்டிலப்பம் சாப்பிட்டவர்களுக்கு முதல் வாயிலேயே உறவு புரிந்துவிடும். அதையே தடவும் பதத்துக்கு இளக்கிய மாதிரி இருக்கிறது. பழுப்பு ரொட்டியைக் கரி அடுப்பில் வாட்டி, மெல்லிசாக்கி, ஒரு பக்கம் காயாவைப் பூசுகிறார்கள். வெண்ணெயைப் பூசுவதில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வில்லைகளாக நறுக்கி வைத்து, மேலே இன்னொரு ரொட்டியை மூடி வெட்டித் தருகிறார்கள். கடிக்கும்போது முதலில் கரிவாசத்தோடு மொறுமொறுப்பு, அதன்பின் ஜில்லென்று உப்பு வெண்ணெய், கடைசியில் தேங்காய்ப்பாலின் இனிப்பு. சூடும் குளிரும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் வாய்க்குள் தனித்தனியாக நிற்கும் அந்தச் சில நொடிகள்தான் இந்தப் பண்டம். மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

காலை நேரக் கூட்டம் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம். காலி மேசைக்குக் காத்திருக்க முடியாது. இருக்கிற இடத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் மேசையில் ஏற்கெனவே ஒரு பெரியவர் இருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டதும், "ஊர்லேர்ந்து வந்தீங்களா? நல்லா பசியாறுங்க" என்றார். நாங்கள் கேட்டிருந்த செட்டில் ரொட்டியோடு இரண்டு அரைவேக்காட்டு முட்டையும் உண்டு. வெள்ளைக் கரு முழுதாக இறுகாமல் தட்டில் தளதளவென்று கிடந்ததைப் பார்த்து என் மனைவி தயங்கினாள். "கறுப்பு சோயா நாலு சொட்டு, மேல வெள்ளை மிளகுத்தூள். கலக்கிட்டு ரொட்டிய முக்கிச் சாப்பிடும்மா" என்று அவரே குப்பியை நகர்த்தி வைத்தார். இனிப்பு ரொட்டியை உப்பு முட்டையில் முக்குவதா என்று எனக்கும் சந்தேகம்தான். முக்கிச் சாப்பிட்ட பிறகு, காயாவின் தித்திப்பு திகட்டாமல் இருப்பதே அந்த மிளகால்தான் என்று பட்டது. மனைவி தன் தட்டை வழித்துவிட்டு என் தட்டைப் பார்த்தாள்.

கோப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து, நீளமான துணிப்பையில் வடிகட்டுகிறார்கள். வெறுமனே கோப்பி என்று கேட்டால் டின்பால் ஊற்றியது வரும். பால் வேண்டாமென்றால் கோப்பி ஓ. சர்க்கரையும் வேண்டாமென்றால் கோப்பி ஓ கோசோங். நம் ஃபில்டர் காப்பியின் நறுமணத்தை இதில் தேடக்கூடாது. இது கெட்டி, கசப்பு, புகைவாசம். மூட்டை தூக்கப் போகிறவனை உலுக்கி எழுப்பும் பானம்.

இந்தத் தட்டில் என்னை நெகிழ வைத்தது அதன் பிறப்பு. ஹைனான்காரர்கள் சிங்கப்பூருக்குத் தாமதமாக வந்தவர்கள். வணிகமெல்லாம் முன்னால் வந்த ஹொக்கியன், தியோச்சு கூட்டத்தாரிடம் போய்விட்டிருந்தது. கிடைத்தது வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படியும் கப்பல் சமையலறையும்தான். அங்கே துரைமாருக்கு ரொட்டி வாட்டிக் கொடுத்துக் கற்ற கையை, பின்னாளில் தங்கள் கோப்பிக்கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஜாம் இருந்த இடத்தில் இந்த மண்ணின் தேங்காய் வந்து உட்கார்ந்தது. யாருக்கோ பரிமாறிய பண்டத்தைத் தம்மைப் போன்ற உழைப்பாளிகள் உட்கார்ந்து சாப்பிடும்படி மாற்றியது பெரிய காரியம். அதைச் செய்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இங்கிருந்து சற்று தூரத்தில்தான் மார்க்கெட் ஸ்திரீட். செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டகமும் பாயுமாக, பகலில் தொழிலும் இரவில் தூக்கமும் அங்கேயே. அந்தக் கட்டடங்கள் இன்று இல்லை. பெரியவரிடம் கேட்டேன். "கிட்டங்கியெல்லாம் இடிச்சாச்சு. ரொட்டி மிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோப்பியை முடித்துக்கொண்டு எழுந்து போனார்.

நீங்கள் போனால் ஒன்று செய்யுங்கள். அவசரமென்று பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு நடக்காதீர்கள். உள்ளே அடைபட்ட சூட்டில் வெண்ணெய் உருகி ரொட்டி நமுத்துப்போகும். ஒண்டிக்கொள்ள அரை முக்காலி கிடைத்தாலும் உட்கார்ந்து, தட்டு வந்தவுடன் சாப்பிடுங்கள். படம் பிடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.